இடுப்பு வரை முடி, நுனி மட்டும் எலிவால்: அடர்த்தியாக்க வழி உண்டா?

மலர்விழி:
வணக்கம் தோழிகளே. வகிட்டிலிருந்து அளந்தால் என் முடி 85 செ.மீ. பின்னினால் கழுத்தருகே மூன்று விரல் பருமன் இருக்கிறது, நுனியில் சுண்டுவிரலில் பாதிகூடத் தேறாது. ரப்பர் பேண்டை ஆறு சுற்று சுற்றினாலும் நழுவி விழுகிறது. எட்டு மாதமாக எண்ணெய், நுனிக்குச் சீரம், பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) மாத்திரை எல்லாம் பார்த்துவிட்டேன். நுனி அப்படியேதான் இருக்கிறது. இந்த நீளத்துக்காக ஐந்து வருடத்துக்கு மேல் பொறுத்திருக்கிறேன், வெட்ட மனசே வரவில்லை. வெட்டாமல் நுனியை அடர்த்தியாக்க முடியுமா?

கயல்:
இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். ஒன்று, முடியை முன்னால் போட்டு, கையால் பிடித்தபடி மேலிருந்து கீழே மெதுவாக இறக்குங்கள். கொஞ்சம் கொஞ்சமாக மெலிகிறதா, ஏதாவது ஓர் இடத்தில் சட்டென்று குறைகிறதா? இரண்டு, வெள்ளைத் துணியை விரித்து அதன்மேல் சிக்கெடுங்கள். விழுவதில் நீளமான முடிகளின் ஒரு முனையில் சின்ன வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரிலிருந்து உதிர்ந்தது. குமிழே இல்லாத குட்டைத் துண்டுகள் என்றால் நடுவில் ஒடிந்தவை.

மலர்விழி:
பார்த்தேன் அக்கா. தோள்பட்டை வரை நல்ல அடர்த்தி, அங்கே கைக்குள் சட்டென்று குறைவது தெரிகிறது. அப்புறம் கடைசி ஒரு சாண் இன்னும் மெலிசு. துணியில் 40 நீள முடி, எல்லாவற்றிலும் குமிழ். குட்டைத் துண்டுகள் பதினைந்து இருக்கும். நுனி பல இடங்களில் இரண்டாகப் பிளந்திருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் கடும் காய்ச்சல் வந்தது. அது போய் இரண்டு மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா?

கயல்:
இருக்கிறது, நிறையவே. கடும் காய்ச்சல், பிரசவம், அறுவைச் சிகிச்சை போன்றவற்றுக்குப் பிறகு 2, 3 மாதம் கழித்து மொத்தமாகக் கொட்டுவது வழக்கம். பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும். தலைமுடி மாதம் சராசரியாக 1.25 செ.மீ. வளரும். இரண்டு வருடத்துக்குக் கணக்குப் போட்டால் 30 செ.மீ., அதாவது உங்கள் தோள்பட்டை. கைக்குள் குறைந்த இடம் அதுதான். அன்று கொட்டியவை திரும்ப முளைத்து இவ்வளவு தூரம் வந்திருக்கின்றன. தினமும் 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு, உங்கள் 40 பயப்படும் கணக்கு இல்லை.

இப்போது சொல்வதைத்தான் நான் பல வருடம் புரிந்துகொள்ளாமல் இருந்தேன். வெட்டாமல் காத்திருந்தால் நுனி நிறையாது. புதிய முடி கீழே இறங்கும் அதே வேகத்தில் பழைய நுனியும் கீழே போகிறது. நடுவில் உள்ள 55 செ.மீ. இடைவெளி (85-இல் 30 போக) அப்படியே இருக்கும், எலிவால்தான் இன்னும் கீழே இறங்கும். அந்த இடைவெளி குறைய வேண்டுமானால் கீழிருந்து வெட்டத்தான் வேண்டும்.

அதற்காகத் தோள் வரை வெட்டச் சொல்லவில்லை. பிளந்து தேய்ந்த அந்தக் கடைசி ஒரு சாணை மட்டும் இப்போது எடுத்துவிடுங்கள். அது சுமார் நாலரை முதல் ஐந்தரை வருடத்துக்கு முன் முளைத்த முடி. பிளந்த நுனியை எந்தச் சீரமும் நிரந்தரமாக ஒட்டாது. பிறகு நீளத்தை 67 செ.மீ.யிலேயே நிறுத்தி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வளர்ந்ததை மட்டும் (4 செ.மீ.க்குள்தான் வரும்) வெட்டி வாருங்கள். சுமார் இரண்டரை வருடத்தில் புதிய முடி நுனியைத் தொட்டுவிடும். அப்புறம் தாராளமாக நீளம் வளருங்கள்.

செந்தாமரை:
முடி வெட்டுவதுதான் என் தொழில், அதனால் ஒன்று சொல்கிறேன். நுனி அடர்த்தி வேண்டுமென்றால் லேயர், ஸ்டெப், வி கட் மூன்றும் வேண்டாம். மூன்றுமே நுனியிலிருந்துதான் முடியை எடுக்கும். நேராக ஒரே கோட்டில் வெட்டச் சொல்லுங்கள். "கொஞ்சம் எடுங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள், எத்தனை செ.மீ. என்று விரல் வைத்துக் காட்டுங்கள். பல் வைத்த கத்தரிக்கோலை (முடியை மெலிதாக்குவது) கையில் எடுத்தால் உடனே நிறுத்தச் சொல்லலாம், தப்பே இல்லை.

அந்தக் குட்டைத் துண்டுகளுக்கு ரப்பர் பேண்டைத்தான் சந்தேகப்படுகிறேன். தினமும் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டினால் அந்த இடத்தில் ஒடியும். துணி சுற்றியதாக மாற்றி, கட்டும் இடத்தையும் மாற்றுங்கள். ஈரமுடி இழுத்தால் எளிதில் நீண்டு அறுந்துவிடும், அதனால் கண்டிஷனர் போட்டு, பெரிய பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள்.

வான்மதி:
மலர்விழி, எண்ணெயை விட்டுவிடாதீர்கள். தேங்காய் எண்ணெய் முடிக்குள் இறங்கி, அலசும்போது புரதம் போவதைக் குறைக்கும். இருக்கிற முடியைக் காக்கும், அவ்வளவுதான், பருமனாக்காது. பயோட்டின் குறைபாடு இருப்பவர்களுக்குத்தான் உதவும். தைராய்டு போன்ற ரத்தப் பரிசோதனைகளின் முடிவை அது மாற்றிக் காட்டலாம், பரிசோதனைக்குப் போகும்முன் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மறுபடி கொத்தாகக் கொட்டினால் தள்ளிப்போடாமல் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

மலர்விழி:
வெட்டிவிட்டேன்! 18 செ.மீ., நேர் கோடு. நாற்காலியில் உட்கார்ந்தபோது கண் கலங்கியது உண்மை. வீட்டுக்கு வந்து பின்னிப் பார்த்தேன். ரப்பர் பேண்ட் இப்போது நான்கே சுற்றில் நிற்கிறது, மாலை வரை நழுவவில்லை. கீழே விழுந்த அந்த ஒரு சாணைக் கையில் எடுத்துப் பார்த்தால் அவ்வளவும் பிளவு. அதைத்தான் இத்தனை நாள் பொத்திப் பொத்திக் காப்பாற்றியிருக்கிறேன். கயல் அக்கா, அந்த 55 செ.மீ. கணக்கை யாருமே எனக்குச் சொன்னதில்லை, மிக்க நன்றி. அடுத்த வெட்டுக்கான தேதியை நாள்காட்டியில் குறித்துவிட்டேன்.