கூட்டுக் கொள்முதல் தளம்: தள்ளுபடிக்கான பணம் யாருடைய பையிலிருந்து போகிறது?

தொடக்கப்புள்ளி:
நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து இன்னும் மூன்று மாதங்களில் கூட்டுக் கொள்முதல் தளம் ஒன்றைத் தொடங்க இருக்கிறோம். ஒரு சலுகையை அறிவிப்போம். குறித்த எண்ணிக்கையில் ஆட்கள் சேர்ந்தால் மட்டுமே அது செல்லுபடியாகும். சேராவிட்டால் யாருடைய பணமும் எடுக்கப்படாது. 2008 நவம்பரில் சிகாகோவில் குரூப்பான் தொடங்கியதும் இதே ஏற்பாட்டில்தான். அந்தத் தளம் பின்னர் சரிந்ததற்குக் காரணம் அதன் பேராசையே தவிர, அடிப்படை எண்ணத்தில் பிழை இல்லை என்பது என் கருத்து. சேவைக் கடைகளிலிருந்து தொடங்கலாம் என்று நினைக்கிறோம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தயங்காமல் எழுதலாம்.

கத்தரிக்கோல்:
நான் ஒரு அழகு நிலையம் நடத்துகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் இத்தகைய தளம் ஒன்றின் மூலம் பாதி விலைக்குச் சலுகை கொடுத்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கூப்பன் விற்ற முதல் வாரத்தில் கடையில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. காலாவதி நாள் நெருங்கிய கடைசிப் பத்து நாட்களில்தான் வாசல்வரை ஆட்கள் நின்றார்கள். முன்பதிவு நோட்டில் கோடு போட இடம் இல்லாமல், பக்கத்தின் ஓரத்தில் செங்குத்தாகப் பெயர் எழுதினோம். அந்த நெரிசலில், ஆறு ஆண்டுகளாக மாதம் தவறாமல் முழு விலை கொடுத்து வந்த ஒரு அம்மா, என் முகத்தைப் பார்க்காமல் கைபேசியை நீட்டிக் கூப்பனைக் காட்டினார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. பாதி விலைக்குக் கிடைப்பதை யார்தான் விடுவார்கள்? ஆனால் எனக்குப் புது வாடிக்கையாளரைத் தேடித் தருவதாகச் சொன்ன தளம், என் வாடிக்கையாளரையே என்னிடம் பாதி விலைக்கு விற்றது.

பேரேடு:
கத்தரிக்கோல் ஐயா சொன்னதைக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். நான் கணக்கு எழுதுவதைத் தொழிலாகக் கொண்டவன்.

சேவையின் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். கூப்பன் 50க்கு விற்கிறது. அதில் பாதியைத் தளம் எடுத்துக்கொள்கிறது, கடைக்கு வருவது 25. ஒருவருக்குச் சேவை செய்யப் பொருளும் கூலியும் சேர்த்து 30 ஆகிறது என்றால், ஆளுக்கு 5 நட்டம். 100 கூப்பன் விற்று, அதில் 40 பேர் பழைய வாடிக்கையாளர்கள் என்றால், அவர்கள் ஒவ்வொருவரிடமும் கிடைத்திருக்க வேண்டிய 70 லாபம் போய் 5 நட்டமும் சேர்வதால் 75 வீதம் 3,000 இழப்பு. புதியவர்கள் 60 பேரிடம் 300 இழப்பு. ஆக மொத்தம் 3,300. இதை மீட்க, முழு விலைக்கு 48 முறையாவது புதியவர்கள் திரும்பி வர வேண்டும். தள்ளுபடியைத் தேடி வந்த 60 பேரில் அத்தனை பேர் அடுத்த மாதம் முழு விலை கொடுக்க வருவார்களா என்பதுதான் கேள்வி.

ஆனாலும் இதை மோசடி என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2010இல் ரைஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் உத்பல் தோலக்கியா, குரூப்பானில் சலுகை கொடுத்த 150 வணிகங்களிடம் கேட்டபோது, 66 விழுக்காட்டினர் லாபம் என்றும் 32 விழுக்காட்டினர் நட்டம் என்றும் சொன்னார்கள். அதே ஆய்வில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் இன்னொரு முறை கொடுக்க மாட்டோம் என்றும் சொன்னார்கள் என்பதைத்தான் தளம் தொடங்குகிறவர் கவனிக்க வேண்டும்.

தொடக்கப்புள்ளி:
பேரேடு அவர்களின் கணக்கு சரி. ஆனால் அது பழைய விகிதத்தை வைத்துப் போட்ட கணக்கு. எங்கள் தளத்தில் தள்ளுபடி 30 விழுக்காட்டைத் தாண்டாது. விற்ற தொகையில் 15 விழுக்காடு மட்டுமே எங்கள் கமிஷன். 100 மதிப்புள்ள சேவை 70க்கு விற்றால், எங்களுக்குப் பத்தரை, கடைக்கு ஐம்பத்தொன்பதரை. செலவு 30 போக, கடைக்காரருக்கு ஆளுக்கு இருபத்தொன்பதரை நிற்கும். அதே 40 பழையவர்கள், 60 புதியவர்கள் வந்தாலும், பழையவர்களால் வரும் இழப்பு 1,620, புதியவர்களால் வரும் லாபம் 1,770. மறுமுறை ஒருவர்கூட வராவிட்டாலும் கடைக்கு நட்டம் இல்லை.

பேரேடு:
கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. ஆனால் தள்ளுபடியைக் குறைத்த பிறகும் அதே 60 புதியவர்கள் வருவார்கள் என்று நீங்களாகவே எடுத்துக்கொண்டீர்கள். பழைய வாடிக்கையாளர் பத்து விழுக்காடு தள்ளுபடி என்றாலும் வாங்குவார், ஏனென்றால் அவர் எப்படியும் வரப்போகிறவர். அறியாத கடைக்குப் புதிதாக ஒருவரை வரவழைக்கத்தான் பெரிய தள்ளுபடி வேண்டும். ஆகவே தள்ளுபடி சுருங்கும்போது முதலில் உதிர்வது புதியவர்களே. அவர்கள் 30 ஆகக் குறைந்தாலே லாபம் 885, இழப்பு அதே 1,620. கடைக்கு 735 துண்டு விழும்.

பழைய விற்பனையாளர்:
நான் இப்படிப்பட்ட தளம் ஒன்றில் கடை கடையாக ஏறி ஒப்பந்தம் பிடித்தவன். 15 விழுக்காட்டில் நீங்கள் தளத்தை நடத்த முடியாது, நண்பரே. இந்தத் தொழிலில் சர்வருக்கு ஆகும் செலவு அற்பம். ஆட்களுக்கு ஆகும் செலவுதான் விழுங்கும். குரூப்பான் 2011 நவம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தபோது அதில் 10,000க்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள், அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் என்னைப்போல் கடைக்காரரைச் சம்மதிக்க வைப்பவர்கள். ஒரு சலுகை முடிந்ததும் அந்தக் கடை கையை விரித்துவிடும், மறுநாள் வேறு கடையைத் தேட வேண்டும். இது ஓட்டைக் குடத்தில் நீர் சுமப்பது போன்ற வேலை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வாங்குபவரின் பணம் இன்றே தளத்துக்கு வந்துவிடும், கடைக்காரருக்குத் தவணையில்தான் போகும். இடையில் கையில் நிற்கும் அந்தப் பணத்தில்தான் எங்களுக்குச் சம்பளமே வந்தது. விற்பனை வளரும்வரை எல்லாம் நன்றாகத் தெரியும். ஒரு மாதம் விற்பனை சுணங்கினால், போன மாதக் கடைக்காரர்களுக்குக் கொடுக்கப் பணம் இருக்காது. குரூப்பானும் முதலில் வாங்குபவர் கொடுத்த முழுத் தொகையையும் தன் வருவாயாகக் காட்டி, பிறகு 2011 செப்டம்பரில் திருத்தியது; 2010ஆம் ஆண்டு வருவாய் ஏறத்தாழ 71 கோடி டாலரிலிருந்து 31 கோடி டாலராக இறங்கியது.

தொடக்கப்புள்ளி:
கடைக்காரரின் பங்கைத் தனிக் கணக்கில் வைத்து, கூப்பன் பயன்பட்ட மறுநாளே கொடுப்பதாக ஒப்பந்தத்தில் எழுதுவோம். வெறிச்சோடிக் கிடக்கும் நேரங்களுக்கு மட்டும் கூப்பன் கொடுத்தால் நெரிசலும் வராது, பழைய வாடிக்கையாளர் எல்லாரும் அந்த நேரத்துக்கு மாறவும் மாட்டார்கள். எப்படியும் காலியாகக் கிடக்கும் நாற்காலிக்குக் கிடைப்பது எதுவானாலும் வரவுதானே?

கத்தரிக்கோல்:
வெறிச்சோடிய நேரம் என்ற யோசனையை ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கு எனக்கு அப்படி ஒரு ஒப்பந்தம் கிடைத்திருந்தால் இவ்வளவு கசப்பு இருந்திருக்காது. ஆனால் என் அடிப்படைச் சந்தேகம் தீரவில்லை. நூறு பேர் சேர்ந்து வந்தால் எனக்கு என்ன மிச்சமாகிறது? நூறாவது தலைக்கும் அதே முக்கால் மணி நேரம், அதே இரண்டு கைகள். கூட்டம் சேர்வதால் என் செலவு ஒரு காசும் குறையவில்லை என்றால், நீங்கள் கொடுக்கும் தள்ளுபடி முழுக்க என்னுடையது. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிறீர்கள்.

பேரேடு:
இந்த இழையில் எழுதப்பட்டவற்றில் இதுவே முக்கியமான கேள்வி என்று நினைக்கிறேன். எண்ணிக்கை கூடினால் அடக்கவிலை குறையும் பொருள்களுக்குத்தான் கூட்டுக் கொள்முதல் என்ற சொல் பொருந்தும். 2015இல் சீனாவில் தொடங்கிய பின்துவோதுவோ, தெரிந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு பொருள் வாங்கினால் விலை குறையும் என்ற முறையில் வளர்ந்தது. அங்கே உற்பத்தியாளருக்கு மொத்தமாக ஆர்டர் கிடைக்கிறது, ஆள் பிடிக்கும் விளம்பரச் செலவையும் வாங்குபவரே குறைத்துவிடுகிறார். அதே நாட்டில் 2010இல் சலுகைக் கூப்பன்களோடு தொடங்கிய மெய்துவான், ஆயிரக்கணக்கான போட்டித் தளங்கள் மடிந்த பிறகும் நிலைத்தது. ஆனால் உணவு விநியோகம் போன்ற அன்றாடச் சேவைகளுக்கு நகர்ந்துதான் அது இன்றைய அளவுக்கு வளர்ந்தது. பொருள்களிலும் எல்லாரும் வெல்லவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்: ஆட்கள் சேரச் சேர விலை இறங்கும் மெர்காட்டா என்ற அமெரிக்கத் தளம், மைக்ரோசாப்ட் நிறுவனர்களில் ஒருவரான பால் ஆலனின் முதலீடு இருந்தும் 2001 தொடக்கத்தில் மூடப்பட்டது. விலை இறங்கும்வரை காத்திருக்க வாங்குபவருக்குப் பொறுமை இல்லை.

தொடக்கப்புள்ளி:
கத்தரிக்கோல் ஐயாவின் கேள்விக்கு என்னிடம் நேரான பதில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். சேவைக் கடைகளை முழுவதும் விட மனமில்லை. வெறிச்சோடிய நேரக் கூப்பன்களை ஐந்தாறு கடைகளில் மட்டும் சோதித்துவிட்டு, முதன்மைப் பக்கத்தைப் பொருள்களுக்குக் கொடுப்பது பற்றி நண்பர்களிடம் பேசுகிறேன். பழைய விற்பனையாளர் அவர்களே, தனிக் கணக்கு யோசனையை நீங்கள் நம்பவில்லை என்று தோன்றுகிறது. ஏன்?

பழைய விற்பனையாளர்:
யோசனையை நம்புகிறேன். விற்பனை சுணங்கும் மாதத்தில் அந்தக் கணக்கில் கை வைக்காமல் இருப்பீர்களா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். உங்கள் மூவரின் கையெழுத்து மட்டும் போதாது. பணத்தை எடுக்க வெளியாள் ஒருவரின் ஒப்புதலும் தேவை என்று வங்கியில் எழுதிக் கொடுங்கள்.

கத்தரிக்கோல்:
அதைச் செய்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள். சோதனைக்குச் செவ்வாய், புதன் பிற்பகல்களில் இரண்டு நாற்காலிகள் தருகிறேன். கூப்பன் எண்ணிக்கையை நான்தான் முடிவு செய்வேன்.