கருப்பட்டி எடைக் கணக்கு: எக்செல்லில் ஒப்பீடு தப்பாக வருகிறது

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, எக்செல் தெரிந்தவர்கள் பாருங்கள். திசையன்விளையில் சித்தப்பாவின் கருப்பட்டிக் கடைக்கு நான்தான் கணக்கு எழுதுகிறேன். ஓலைப்பெட்டி வந்த அன்று ஒரு எடை, காய்ந்த பிறகு ஒரு எடை. 900 கிராமோ அதற்கு மேலோ குறைந்தால் நஷ்டத்தில் பாதியைக் கடை ஏற்கும். பனையேறி இறக்கும் மனுசருக்கு ஒரு ரூபாய்கூடக் குறையக் கூடாது, அதனால்தான் இந்த அவசரம்.

எக்செல் 2016, விண்டோஸ் 10. பத்து நாளாக இந்தச் சிக்கல். B7-இல் வந்த அன்றைய எடை, C7-இல் காய்ந்த எடை, இரண்டும் கிலோவில். 23.45-இல் 22.55 போனால் 0.90. ஆனால் முதல் எண் இரண்டாவதற்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால் 1, இல்லாவிட்டால் 0 தரும் GESTEP-ஐ =GESTEP(B7-C7,0.9) என்று போட்டால் 1 வரவேண்டிய இடத்தில் 0 வருகிறது. =(B7-C7)>=0.9 போட்டாலும் FALSE. இன்னொரு பெட்டி 22.26, 21.29. துண்டுச் சீட்டில் 0.97 என்று சரியாக எழுதியிருக்கிறது, இரண்டு எண்ணும் சமமா என்று பார்க்கும் DELTA மட்டும் சமமில்லை என்கிறது. எல்லா வரியிலும் இல்லை, சிலதில் மட்டும்.

எண் எழுத்தாகப் பதிந்திருக்குமோ என்று ISNUMBER போட்டுப் பார்த்தேன், TRUE. வெற்றிடம் நீக்கும் TRIM, எழுத்தை எண்ணாக்கும் VALUE இரண்டும் பலனில்லை. புதுத் தாளில் கையால் தட்டினாலும் அதே கதை. செல்லில் தசம இடத்தை இரண்டாக வைத்தால் பார்க்க 0.90, விடை மாறவில்லை. பதினைந்து இடம் காட்டச் சொன்னபோதுதான் 0.899999999999999 தெரிந்தது. தராசு காட்டுவதே பத்து கிராம் துல்லியம், இந்த வால் எங்கிருந்து வந்தது?

பத்து கிராம் அளவில் மட்டும் ஒப்பிட்டு, சரியாக 0.90 வந்தால் 1 என்று சொல்ல GESTEP-க்குள் என்ன எழுத வேண்டும்?