தொட்டியில் போட்ட பிறகு குப்பை எங்கே போகிறது? உங்கள் கல்லூரியில் பார்த்ததைச் சொல்லுங்கள்

மதுரைப் பக்கம், கல்லூரி ஆசிரியை

எங்கள் கல்லூரியில் விடுதிக்குப் பின்னால் உரக்குழிகளும் ஓர் உலர்குப்பைக் கொட்டகையும் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துக்கொள்ளும் மாணவர் குழுவுக்கு நான் பொறுப்பு. மக்கும் குப்பைக்குப் பச்சைத் தொட்டியும் உலர்குப்பைக்கு நீலத் தொட்டியும் வளாகம் முழுக்க வைத்தாயிற்று. ஆனாலும் எதை எதில் போடுவது என்பதில் பிள்ளைகளுக்கும் சக ஆசிரியர்களுக்கும், சில சமயம் நிர்வாகத்துக்கும், இருக்கிற தவறான நம்பிக்கைகள் மாறவில்லை. நான் அடிக்கடி சந்திப்பவற்றை எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள்.

முதலில் டீ கப். "பேப்பர்தானே மேடம், மக்கிடும்" என்று பச்சைத் தொட்டியில் போடுவார்கள். இன்னும் சிலர் அதே காரணத்தைச் சொல்லி நோட்டுத்தாள்களோடு போடுவார்கள். இரண்டுமே சரியில்லை. டீ ஒழுகாமல் நிற்பதற்காக அந்தக் கப்பின் உள்பக்கத்தில் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் பூச்சு கொடுத்திருப்பார்கள். குழியில் காகிதம் மக்கிவிடும், பூச்சு மட்டும் மெல்லிய தோலாக மிஞ்சும். உரத்தைச் சலிக்கும்போது சல்லடையில் நிற்பது அதுதான். பழைய பேப்பர் கடைக்காரரும் அதை எடுக்க மாட்டார், கூழாக்கும்போது பூச்சு எளிதில் பிரியாது. வகுப்பில் ஒரு கப்பை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் பிள்ளைகள் கையிலேயே கொடுத்து உரிக்கச் சொன்னேன். உள்தோல் தனியாக வந்ததைப் பார்த்த பிறகு யாரும் விவாதம் செய்யவில்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட 14 வகைப் பொருள்களில் பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப்பும் ஒன்று என்பது அங்கே இருந்த பலருக்கும் புதுச் செய்தி.

'மக்கும் பிளாஸ்டிக்' என்று அச்சடித்த ஸ்பூன்களும் கப்புகளும் இன்னொரு தலைவலி. கருத்தரங்குகளுக்குச் சாப்பாடு கொண்டுவருகிறவர்கள் நல்லெண்ணத்தோடுதான் வாங்கி வருகிறார்கள். மக்காச்சோள மாவுச்சத்திலிருந்து வரும் பி.எல்.ஏ. என்ற பொருளில்தான் இவற்றில் பலவும் செய்யப்படுகின்றன. ஆனால் 60 டிகிரிக்கு நெருங்கிய சூடு, ஈரம், காற்று மூன்றும் வாரக்கணக்கில் விடாமல் கிடைத்தால்தான் அது மக்கும். பெரிய உர ஆலையில் அது நடக்கும். எங்கள் குழியின் நடுவில் சூடு ஏறினாலும் ஓரத்தில் ஏறாது. உரம் எடுக்கும்போது ஸ்பூன்கள் போட்டபடியே வந்தன. சரி, நீலத் தொட்டியில் போடலாமா என்றால் அதுவும் கூடாது. பார்வைக்குத் தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக் போலவே இருப்பதால் அதனோடு கலந்து அதையும் கெடுக்கும். பாக்குமட்டைத் தட்டு அப்படியில்லை. துண்டு துண்டாக வெட்டிப் போட்டால் மெதுவாகவாவது மக்கிவிடுகிறது.

இனி எனக்கு மிக முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். "உரக்குழி என்றால் நாறத்தான் செய்யும்" என்று எல்லாரும் நம்புகிறார்கள். நாற்றம் வந்தால் குழியை மூடிவிட வேண்டும் என்று எங்களுக்கும் ஒருமுறை உத்தரவு வந்தது. நாற்றம் ஏன் வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. விடுதிச் சாப்பாட்டுக் கழிவு என்பது சோறு, சாம்பார், ரசம், மோர். எல்லாம் ஈரம். அதை மட்டும் கொட்டினால் களிபோல் இறுகி, உள்ளே காற்றுப் புகாது. காற்றில்லாத இடத்தில் வேலை செய்யும் நுண்ணுயிர்கள்தான் அந்த வாடையைக் கிளப்புகின்றன. அதற்கு மருந்து காய்ந்த இலை. நைட்ரஜன் ஒரு பங்குக்குக் கார்பன் 25 முதல் 30 பங்கு இருக்க வேண்டும் என்பது உரம் போடுகிறவர்களின் பொதுக்கணக்கு. அந்தக் கார்பனைக் கொடுப்பது சருகுதான். நடுநடுவே காற்றுக்கு இடம் விடுவதும் அதுதான்.

மாசி, பங்குனியில் எங்கள் வளாகத்து வேம்பும் புங்கையும் தூங்குமூஞ்சி மரங்களும் தரை தெரியாமல் இலை கொட்டும். அதைக் கூட்டி மைதானத்து ஓரத்தில் எரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் குழி நாறுகிறது, இன்னொரு பக்கம் குழிக்கு வேண்டியது புகையாகப் போகிறது. திறந்தவெளியில் குப்பை எரிப்பதைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016-லேயே தடை செய்து, சாதாரண எரிப்புக்கு 5,000 ரூபாய் அபராதமும் விதித்திருக்கிறது. "சருகு குப்பையா என்ன?" என்பதுதான் எனக்குக் கிடைத்த பதில்.

இதை மாற்றியது குழியில் வேலை பார்க்கும் தூய்மைப் பணியாளர் அக்கா. "அந்த இலையை எரிக்க வேணாம்னு சொல்லுங்க மேடம், எனக்குக் குடுங்க" என்று அவர்தான் முதலில் கேட்டார். ஒரு கூடை சோற்றுக் கழிவு, அதன்மேல் இரண்டு கூடை சருகு, மறுபடி கழிவு, மறுபடி சருகு. ஈரம் அதிகமானால் இன்னும் சருகு. வாரத்துக்கு ஒருமுறை கிளறிவிடுவார். நடுவில் ஓர் இரும்புக் கம்பியைச் செருகி வைத்து, கொஞ்ச நேரம் கழித்து உருவித் தொட்டுப் பார்ப்பார். கை பொறுக்காத சூடு என்றால் குழி வேலை செய்கிறது. வெதுவெதுப்பாக இருந்தால் கிளற வேண்டும். கருத்தரங்கில் பேசப்படும் எல்லா விஷயமும் அந்தக் கம்பி முனையில் இருக்கிறது. நாற்றப் புகாரும் அத்தோடு நின்றது.

கோவை, முதுநிலை வேதியியல் மாணவி

மேடம் சொன்னதோடு எங்கள் ஆய்வகக் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உடைந்த பீக்கர், டெஸ்ட் டியூப் எல்லாவற்றையும் 'கண்ணாடி' என்று எழுதிய பெட்டியில் போட்டுவந்தார்கள். சோடா பாட்டிலும் கண்ணாடி, பீக்கரும் கண்ணாடி, அப்புறம் என்ன வித்தியாசம் என்ற நினைப்பு. பழைய பொருள் எடுக்க வந்த பெரியவர் பெட்டியைக் கிளறிப் பார்த்துவிட்டு ஆய்வகத் துண்டுகளை மட்டும் ஒதுக்கினார். "இது மத்ததோட சேந்து உருகாது கண்ணு. கலந்து அனுப்புனா லோடே திரும்பி வந்துரும்" என்றார். பீக்கர் போரோசிலிகேட் கண்ணாடி. பாட்டில் கண்ணாடியைவிட அதிகச் சூட்டில்தான் இளகும். பாட்டில் உலையில் விழுந்தால் உருகாத கட்டியாக நின்று, புதுப் பாட்டிலில் பழுதாக வந்து சேரும். பாடத்தில் படித்த விஷயம்தான், ஆனால் குப்பைப் பெட்டியோடு அதைச் சேர்த்து யோசித்தது அவர்தான்.

ரசாயனம் இருந்த பாட்டில்களைத் தயவுசெய்து பழைய பொருள் கடைக்குப் போடாதீர்கள். காலி என்று நமக்குத் தோன்றும். மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பது அங்கே வேலை செய்கிறவர்.

சென்னை, பொறியியல் மாணவர், விடுதிக் குழு

எங்கள் விடுதியில் பரவலான நம்பிக்கை இதுதான்: "முக்கோண அம்புக்குறி இருந்தா மறுசுழற்சி ஆயிடும்." அம்புக்குறிச் சின்னத்தை வரைந்தவர் கேரி ஆண்டர்சன் என்ற அமெரிக்கக் கல்லூரி மாணவர், 1970-ல் ஒரு போட்டிக்காக. பிளாஸ்டிக் பொருள்களில் அந்த மாதிரிச் சின்னத்துக்குள் எண் வந்தது 1988-ல், அங்குள்ள தொழில்துறைச் சங்கம் கொண்டுவந்தது. அந்த எண் என்ன வகைப் பிளாஸ்டிக் என்று மட்டும் சொல்கிறது. 1 போட்ட தண்ணீர் பாட்டிலைக் கடைக்காரர் ஆசையாக எடுப்பார், கழுவிய பால் பாக்கெட்டையும் எடுப்பார். சிப்ஸ் பாக்கெட்டைத் தொடமாட்டார். அது பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்காக ஒட்டியது, எளிதில் பிரிக்க முடியாது. சேர்த்துக் கொடுத்தால் அதிகபட்சம் சிமென்ட் ஆலை உலையில் எரிபொருளாகப் போகும். குப்பைமேட்டில் கிடப்பதற்கு அது மேல்தான், ஆனால் அதை மறுசுழற்சி என்று சொல்லி மனசைத் தேற்றிக்கொண்டு இன்னும் இரண்டு பாக்கெட் வாங்கக் கூடாது.

அடுத்தது, "நாம பிரிச்சாலும் அவங்க ஒண்ணாத்தான் கொட்டுறாங்க." இதைக் கேட்டுக் கேட்டு, ஒரு நாள் காலையில் குப்பை எடுக்க வரும் பேட்டரி வண்டி அண்ணனோடு நானும் போனேன். பெரும்பாலான பைகளை அவர் தனித்தனியாகத்தான் ஏற்றினார். சில நீலப் பைகளைத் திறந்து பார்த்துவிட்டு மொத்தமாக ஒதுக்கினார். உள்ளே பரோட்டா பார்சல், சால்னாவோடு. நாலு அஞ்சு கிலோ நல்ல தாளும் அட்டையும் ஊறிப்போயிருந்தன. "இதை யாரு தம்பி வாங்குவா?" என்று கேட்டார். நாங்கள் மாடியிலிருந்து பார்த்தது அந்தப் பைகளைத்தான்.

"சோறு எங்க போனாலும் மக்கிடும்ல" என்பவர்களுக்கு: குப்பைமேட்டுக்குப் போனால் அடியில் அமுங்கி, காற்றில்லாமல் அழுகி, மீத்தேன் ஆகும். எளிதில் தீப்பிடிக்கிற வாயு அது. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்ததைப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தட்டில் மிச்சம் வைக்காமல் சாப்பிடுவதுதான் முதல் வேலை, குழியெல்லாம் அதற்கு அப்புறம்.

வேளாண் கல்லூரி மாணவர்

ஒன்றே ஒன்று. தோட்டத்தில் தோண்டிய மண்புழுவை எடுத்துப் போட்டால் மண்புழு உரம் வந்துவிடாது. மண்ணுக்குள் ஆழமாக வாழும் புழுக்களில் பலவும் கழிவுக் குவியலில் சரியாக வளராது. ஐசீனியா ஃபெடிடா, யூட்ரிலஸ் யூஜினியே போன்று மேலாக வாழ்ந்து கழிவைத் தின்னும் இனங்கள் வேண்டும். அவற்றையும் புதுக் கழிவில் விடாதீர்கள், சூட்டில் செத்துப்போகும். முதலில் பாதி மக்கி ஆறட்டும். உப்பும் எண்ணெயும் உள்ள விடுதிச் சாப்பாடு அவற்றுக்கு ஆகாது.

விடுதி மாணவி

எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதியே ஆக வேண்டும். நாப்கினைப் "பஞ்சுதானே" என்று பச்சைத் தொட்டியில் போடுகிறார்கள். கடையில் வாங்குவதில் பெரும்பகுதி பிளாஸ்டிக்கும் உறிஞ்சும் ரசாயனத் துகளும்தான். அதைக் கையால் பொறுக்கி எடுக்க வேண்டியிருப்பது ஒரு மனுஷி. பத்திரமாகச் சுற்றிக் கொடுக்க வேண்டும் என்று 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே சொல்லியிருந்தார்கள். எங்கள் மாடியில் தனித் தொட்டியும் பக்கத்தில் பழைய செய்தித்தாளும் வைத்தோம், யாரும் எதிர்க்கவில்லை.

ஒரு கல்லூரியின் அலுவலகப் பொறுப்பாளர்

எங்களிடம் 24 மணி நேரத்தில் உரம் தரும் இயந்திரம் என்று விற்க வந்திருக்கிறார்கள். விலை லட்சக்கணக்கில். வாங்கலாமா மேடம்?

மதுரைப் பக்கம், கல்லூரி ஆசிரியை

ஐயா, வாங்குவதற்கு முன் ஒரு சோதனை கேளுங்கள். இந்த வகை இயந்திரங்களில் பலவும் கழிவைச் சூடாக்கி, அரைத்து, தண்ணீரை வற்றவைக்கின்றன. பார்க்கப் பழுப்பாக, பொடியாக, உரம் போலவே இருக்கும். மக்குவதற்கு நுண்ணுயிர்களுக்கு நாள் வேண்டும், ஒரே நாளில் அது முடியாது. அந்தப் பொடியைச் செடிக்குப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் அங்கேயே மறுபடி புளிக்க ஆரம்பித்து வேரைக் கெடுக்கும். அவர்கள் தரும் பொடியில் ஒரு கைப்பிடி எடுத்து நனைத்து, மூடிய டப்பாவில் சில நாள் வைத்துத் திறந்து பாருங்கள். மண் வாசனை வந்தால் உரம். புளித்த வாடை வந்தால் அது இன்னும் காய்ந்த சோறுதான். அதற்கு மறுபடி குழியும் சருகும் ஆளும் வேண்டியிருக்கும். அந்தப் பணத்தில் குழிக்குக் கூரை போட்டு, சருகு சேர்த்துவைக்க ஓர் அறை கட்டி, வேலை பார்ப்பவருக்கு நல்ல கையுறையும் கூடுதல் சம்பளமும் கொடுத்துவிடலாம்.