பல மதப் பிள்ளைகள் இருக்கிற விடுதி: ஆன்மீகப் பராமரிப்பை எங்கிருந்து தொடங்குவது?

விடுதிப்பொறுப்பு:
யாழ்ப்பாணத்தில் மிஷன் வழிவந்த பள்ளிக்கூடம் ஒன்று. விடுதியில் 70 பிள்ளைகள் வரை. பாதிக்கு மேல் சைவம், பிறகு கத்தோலிக்கர், தென்னிந்தியத் திருச்சபை, இரண்டொரு பெந்தெகொஸ்தே, நாலைந்து முஸ்லிம் பிள்ளைகள். சாப்ளின் (பள்ளியின் ஆன்மீகப் பொறுப்பாளர்) வேலையோடு எல்லாருடைய ஆன்மீகத் தேவைகளையும் பார்க்கச் சொல்லி நிர்வாகம் கேட்கிறது. மாலையில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு பிரார்த்தனை வைத்தால் போதுமா? வேறு என்ன ஒழுங்கு தேவை?

மரக்கறிச்சட்டி:
பிரார்த்தனையைப் பிறகு பார்ப்போம். குசினியிலிருந்து தொடங்குங்கோ. பிள்ளையின் சமயம் விடுதியில் முதலில் முட்டுப்படுகிற இடம் சாப்பாட்டு மேசை.

மரக்கறிக்குச் சட்டியும் அகப்பையும் வேறாக இருக்க வேண்டும். மச்சக்கறி கிண்டின அகப்பையை மரக்கறிக்குள் விட்டால் விரதகாரப் பிள்ளை அன்றைக்கு வெறும் சோறுதான் தின்னும், வாய் திறந்து சொல்லாது. வெள்ளிக்கிழமை முழு விடுதிக்கும் மரக்கறி என்று வைத்தால் சைவப் பிள்ளைகளின் வெள்ளியும் கத்தோலிக்கரின் தவக்கால வெள்ளியும் ஒரே சமையலில் முடியும். முஸ்லிம் பிள்ளைகளுக்கு மீன் பிரச்சினையில்லை. இறைச்சி என்றால் ஹலால் கடையில் வாங்க வேண்டும்.

அநேகமான இடங்களில் பிழைக்கிறது சரஸ்வதி பூசையிலும் பொங்கலிலும்தான். படைத்த சாப்பாட்டை முஸ்லிம் பிள்ளைகளும் பெந்தெகொஸ்தே வீட்டுப் பிள்ளைகளும் தொடமாட்டினம். படைக்க முன்னமே ஒரு பகுதியை வேறு பாத்திரத்தில் எடுத்து வையுங்கோ. படைத்த பிறகு பிரித்துக் கொடுத்துப் பிரயோசனமில்லை.

கலண்டரை முன்கூட்டியே பாருங்கோ. 2026 மாசியில் சிவராத்திரி 15ஆம் திகதி, தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதன் 18ஆம் திகதி, றமழான் தொடக்கமும் அதே கிழமை. அப்படி வருகிற நேரம் குசினியில் விடிய நாலு மணிக்கு ஆள் நிற்க வேண்டும். ஸஹர் சாப்பாட்டை, அதாவது நோன்பு பிடிக்க முன் விடியச் சாப்பிடுவதை, இரவே போட்டு மூடி வைத்தால் பிள்ளை ஆறின சோற்றோடுதான் நோன்பு பிடிக்கும்.

கந்தசஷ்டி ஆறு நாளும் பால்பழத்தோடு இருக்கப்போகிறேன் என்று 12 வயதுப் பிள்ளை வந்து நிற்கும். வீட்டுக்கு எடுத்துக் கேளாமல் ஓம் என்று சொல்லக் கூடாது. ஒருநேரச் சாப்பாடு என்று பேசி இறக்கலாம்.

கிழக்குவாசல்:
பொதுப் பிரார்த்தனை என்று சொல்லி நடத்துவது பெரும்பாலும் இயேசுவின் பெயரை எடுத்துவிட்ட கிறிஸ்தவ ஜெபமாகத்தான் இருக்கும். முழங்கால், கண்மூடல், கடைசியில் ஆமென், எல்லாம் அப்படியே. பிள்ளைகளுக்கு இது விளங்கும், பெற்றோருக்கு இன்னும் நல்லாய் விளங்கும். மிஷன் பள்ளிக்கூடம் பிள்ளைகளை மதம் மாற்றிவிடும் என்ற, ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளிக்கூடம் தொடங்கின காலத்துச் சந்தேகம் இன்னும் இந்த ஊரை விட்டுப் போகவில்லை.

நான் சொல்வது: படிப்பு மண்டபத்தில் எல்லாரும் இரண்டு நிமிடம் சும்மா இருக்கட்டும், பிறகு பிரிந்து போகட்டும். சைவப் பிள்ளைகள் பஞ்சபுராணம் (தேவாரம் முதலான ஐந்து பாட்டு) பாடி முடிக்கக் கால் மணித்தியாலம் போதும். முஸ்லிம் பிள்ளைகளுக்கு ஒழு எடுக்க (தொழ முன் கைகால் முகம் கழுவ) கால் கழுவுகிற உயரத்தில் ஒரு பைப், துப்புரவான பாய். கிப்லா, அதாவது தொழுகிற மக்கா திசை, இங்கிருந்து நேர் மேற்கு இல்லை, மேற்கிலிருந்து ஏறத்தாழ 22 பாகை வடக்கே. ஒருமுறை அளந்து தரையில் சின்னக் கோடு போட்டுவிட்டால் சரி. ஜும்மா (வெள்ளி மத்தியானத் தொழுகை) நேரம் கடைசிப் பாடத்தோடு மோதும், வகுப்பாசிரியரிடம் தவணைத் தொடக்கத்திலேயே எழுத்தில் அனுமதி எடுங்கோ.

அனுமதிப் படிவத்தில் ‘கிறிஸ்தவம்’ என்று ஒரே பெட்டி போட வேண்டாம். சாதாரண தரப் பரீட்சையிலேயே கத்தோலிக்கமும் கிறிஸ்தவமும் இரண்டு பாடம். ஒரே பெட்டி என்றால் ஞாயிறு எல்லாரையும் ஒரே பூசைக்கு அனுப்பிவிட்டு, நற்கருணை நேரத்தில் ஒரு பிள்ளை என்ன செய்வதென்று தெரியாமல் முழிக்கும்.

பெண்கள் விடுதி என்றால் கும்பிடுகிற அறை வாசலில் வரவு எடுக்கவே கூடாது. எந்தப் பிள்ளை ஏன் உள்ளே போகவில்லை என்பது முழு விடுதிக்கும் தெரிந்துபோகும். வரவைப் படிப்பு மண்டபத்தோடு முடியுங்கோ.

அந்தியேட்டி:
மேலே இருவரும் தொடாத ஒன்று, செத்தவீடு.

சைவப் பிள்ளையின் வீட்டில் சாவு நடந்தால் 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியை வரை துடக்கு (தீட்டு). எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிந்து பள்ளிக்குத் திரும்பினாலும் துடக்கு கழியவில்லை. தேவாரம் பாடு, விளக்கேற்று என்று அந்தப் பிள்ளையைக் கூப்பிடாதேங்கோ. மற்றப் பிள்ளைகள் கும்பிடுகிற அந்தக் கால் மணித்தியாலம் பக்கத்தில் ஒரு பெரிய ஆள் இருந்தால் நல்லது. திவசம் திதிப்படி வரும், ஆங்கிலத் திகதியைக் குறித்து வைத்தால் அடுத்த வருடம் பிழைக்கும். திதியை வீட்டாரிடம் கேட்டுப் பஞ்சாங்கத்தில் பாருங்கோ.

வன்னிப் பக்கத்துப் பிள்ளைகளின் வீடுகளில் போரில் காணாமல் ஆக்கப்பட்டவர்கள் இருக்கலாம். இப்போது விடுதியில் இருப்பவர்கள் பெரும்பாலும் போர் முடிந்த 2009க்குப் பிறகு பிறந்தவர்கள், ஆகவே அது மாமா, பெரியப்பா, அப்பப்பா. அம்மம்மா இன்னும் காத்திருக்கிற வீட்டில் திதியும் இல்லை, திவசமும் இல்லை. ‘செத்துப்போன மாமா’ என்று உங்கள் வாயில் வரக்கூடாது. இறந்தோர் நினைவுநாள் ஜெபப் பட்டியலில் வீட்டாரைக் கேளாமல் பெயர் சேர்க்கவும் கூடாது.

விடுதிப்பொறுப்பு:
நன்றி. பிள்ளைகள் ‘ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ’ என்று கேட்டுவிட்டுச் சொல்கிற விடயங்கள்?

கிழக்குவாசல்:
சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டாம். பாவசங்கீர்த்தன இரகசியம் குருவானவர் அந்தத் திருவருட்சாதனத்தில் கேட்பதற்கு மட்டுந்தான், சாப்ளின் அறையில் கதைக்கிற எல்லாவற்றுக்கும் அது பொருந்தாது. பிள்ளை வாய் திறக்க முன்னமே சொல்லுங்கோ: ‘உனக்கோ இன்னொருத்தருக்கோ ஆபத்து என்றால் நான் சொல்லத்தான் வேணும், ஆருக்குச் சொல்லப்போறன் எண்டதை முதல் உனக்குச் சொல்லுவன்.’ துஷ்பிரயோகம் என்றால் 1929, சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை. தற்கொலை எண்ணம் என்றால் பிள்ளையைத் தனிய விடாமல் உடனே ஆசுபத்திரி. 1926 மனநல உதவி இலக்கம், அதையும் சுவரில் ஒட்டி வையுங்கோ. சந்திக்கிற அறைக் கதவு பாதி திறந்தே இருக்கட்டும்.

மரக்கறிச்சட்டி:
இலக்கங்களை சாப்ளின் அறைச் சுவரில் ஒட்டிப் பிரயோசனமில்லை, தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கோ. பல விடுதிகளில் அந்தத் தொலைபேசி மேற்பார்வையாளரின் அறைக்குள் பூட்டிக் கிடக்கும். முதல் அதை வெளியில் எடுங்கோ.