கீரை முளைப்பதே இல்லை, அவரை பூக்க மாட்டேன் என்கிறது: தையில் தொடங்கிய மாடித் தோட்டத்துக்கு உதவி வேண்டும்

மதுரை மாடி | பங்குனி 3

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் இரண்டு மாடி வீடு, மொட்டை மாடி முழுக்க எங்களுக்குத்தான். பொங்கல் முடிந்த கையோடு 14 குரோபேக் (செடி வளர்க்கும் பை) வாங்கி ஆசையாக ஆரம்பித்தேன். பனி விலகும் காலம், எது போட்டாலும் சுலபமாக வரும் என்று சொன்னார்கள். நான் பட்டதைச் சொல்கிறேன்.

சிறுகீரையும் தண்டுக்கீரையும் மாசியில் மூன்று முறை விதைத்தேன். மூன்று முறையும் பைக்கு நாலைந்து நாற்றுக்கு மேல் இல்லை. கொத்தமல்லி முளைத்தது, ஆனால் விரல் நீளம் வருவதற்குள் பூத்தண்டு விட்டுவிட்டது. தக்காளியில் பூ கொத்துக் கொத்தாக வருகிறது, இரண்டாம் நாள் காம்போடு உதிர்ந்து கிடக்கிறது. நாட்டுக் கொடி அவரை பொங்கல் முடிந்த வாரம் ஊன்றியது, இப்போது எட்டு வாரம். ஆள் உயரம் தாண்டிக் கொடி ஓடுகிறது, ஒரு மொட்டு இல்லை.

மண் கலவை: செம்மண், தென்னை நார்த்துகள், மண்புழு உரம் சம அளவு. தண்ணீர் காலையில் மட்டும். விதை ஒரு கடையில் பாக்கெட்டாக வாங்கினேன். விதைதான் மோசமா, என் கைதான் சரியில்லையா? வீட்டில் அம்மாவுக்குத் தினமும் கீரை கொடுக்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். அதற்காகவே ஆரம்பித்தது இது, அதுதான் மனசு கேட்கவில்லை.

புது நாற்று | பங்குனி 3

அவரைக்கு ஒரு கைப்பிடி யூரியா போட்டுப் பாருங்கள். எங்கள் பக்கத்து வீட்டில் அப்படித்தான் செய்தார்கள்.

வைகைக் கரை | பங்குனி 3

யூரியா வேண்டாம் தம்பி. ஏற்கெனவே இலையாக ஓடுகிற கொடிக்குத் தழைச்சத்தைக் கொடுத்தால் இன்னும் இலைதான் வரும். ஒரு கைப்பிடி ஒரு பைக்குப் போட்டால் வேர் வெந்தே போகும்.

அம்மா, உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை. கொடி அவரை பகல் நீளத்தைப் பார்த்துப் பூக்கும் பயிர். ஆடியில் விதைத்தால் பகல் குறையக் குறைய ஐப்பசி, கார்த்திகையில் பூ எடுத்து, தை மாதம் வரை காய்க்கும். நீங்கள் ஊன்றியது பகல் நீண்டுகொண்டே போகும் நேரத்தில். இனி ஐப்பசி வரை அது தழைதான் விடும். காய் வேண்டுமென்றால் செடி அவரை என்று கேட்டு வாங்குங்கள், அதற்குப் பட்டம் (விதைக்கும் பருவம்) கிடையாது. ஆனால் இருக்கிற கொடியைப் பிடுங்கிவிடாதீர்கள். மேற்குப் பக்கம் நாலு கம்பு நட்டுக் கயிறு கட்டி ஏற்றிவிடுங்கள். சித்திரை வெயிலில் மூன்று மணிக்கு மேல் அந்த நிழல் உங்கள் கீரைக்கு உதவும், கார்த்திகையில் காயும் தரும்.

தக்காளிப் பூ உதிர்வது வெயிலால். பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் குளிராமல் இருந்தால் மகரந்தம் கெட்டுப் பூ நிற்காது. 50 சதவீத நிழல்வலை கட்டலாம், காலையில் பூங்கொத்தின் காம்பை விரலால் லேசாகச் சுண்டிவிடலாம். கொஞ்சம் காய் பிடிக்கும். நிறைய எதிர்பார்க்காதீர்கள்.

கீரைதான் எனக்குப் புரியவில்லை. இந்த வெயிலில் கீரை நாலு நாளில் முளைக்க வேண்டும். விதையை எவ்வளவு ஆழத்தில் போட்டீர்கள்? தண்ணீர் எதில் ஊற்றுகிறீர்கள்? நார்த்துகளைக் கழுவினீர்களா?

மதுரை மாடி | பங்குனி 4

ஐயா, அவரை விஷயம் இப்போதுதான் தெரிகிறது, மிக்க நன்றி. பாக்கெட்டின் பின்னால் எந்த மாதம் விதைப்பது என்று ஒரு வரி கூட இல்லை.

நார்த்துகள் கட்டியை ஊறவைத்து, பிழிந்து, மூன்று தடவை தண்ணீர் மாற்றினேன். விதையைத் தூவி அரை இஞ்ச் மண் மூடினேன். தண்ணீர் குவளையில்.

கீரைக்கட்டு | பங்குனி 4

தங்கச்சி, அரை இஞ்ச் அதிகம். கீரை விதை கடுகை விடச் சிறியது. மேலே தூவி, மண்ணை விரலால் கலைத்துவிட்டாலே போதும். குவளையில் ஊற்றினால் விதை ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். பாட்டில் மூடியில் ஊசியைச் சூடாக்கிப் பத்துத் துளை போட்டு, அதைக் கவிழ்த்துத் தெளி.

ஆனால் எனக்கு வேறு ஒரு சந்தேகம். எறும்பு இருக்கிறதா பார்த்தாயா? விதைத்த அன்றைக்கே கொண்டு போய்விடும், நாம் ஒரு வாரம் வெறும் மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்போம். பையைத் தூக்கி அடியில் பார்.

மதுரை மாடி | பங்குனி 4, மாலை

அக்கா! பையைத் தூக்கிப் பார்த்தேன். அடித்துளை வழியாக மண் பொடிப் பொடியாக வெளியே வந்திருக்கிறது. அங்கிருந்து சுவர் ஓரமாக ஒரு வரிசை, கைப்பிடிச் சுவரின் விரிசல் வரை போகிறது. விரிசல் வாயில் கறுப்பாக ஏதோ மின்னியது. தொட்டுப் பார்த்தால் அத்தனையும் என் கீரை விதை! பாதி வெறும் உமி, பாதி முழுசு. தீப்பெட்டியில் அள்ளி வைத்திருக்கிறேன். மூன்று பாக்கெட்டும் இங்கேதான் போயிருக்கிறது. கடைக்காரரை எவ்வளவு திட்டினேன்!

கீரைக்கட்டு | பங்குனி 4

எனக்கும் முதல் வருடம் இதே கதைதான். இப்படிச் செய். பைகளை இரண்டிரண்டு செங்கல் மேல் ஏற்று. தளத்துச் சூடும் வேரில் ஏறாது, எறும்பு வருவதும் கண்ணில் படும். விதையோடு இரண்டு பங்கு மணலும் ஒரு பங்கு ரவையும் கலந்து தூவு, எறும்பு முதலில் ரவையை இழுக்கும். கொஞ்சம் ரவையைச் சுவர் ஓரத்திலும் போட்டு வை. அது தீர்வதற்குள் விதை முளைத்துவிடும். எறும்புப் பொடி மட்டும் போடாதே, நீ சாப்பிடப் போகிற கீரை.

கொத்தமல்லியை ஐப்பசி வரை மறந்துவிடு. வெயில் ஏறினால் அது பூத்து விதை கட்டத்தான் பார்க்கும். அந்தப் பையில் வெந்தயம் தூவு, மூன்றாம் நாள் முளைக்கும், 20 நாளில் அறுத்துவிடலாம். அவரை நிழலில் வை.

வைகைக் கரை | பங்குனி 5

கீரைக்கட்டு சொன்னது சரி. அப்புறம், இந்த மாதத்துக்கு எது சுலபம் என்று கேட்டால் நான் முதலில் வெண்டையைத்தான் சொல்வேன். வெயிலுக்கென்றே பிறந்த செடி. விதையை ராத்திரி ஊறப்போட்டு, காலையில் பைக்கு இரண்டாக, விரல் கணு ஆழத்தில் ஊன்றுங்கள். ஏறக்குறைய 45 நாளில் முதல் காய். அதன்பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் முற்றி நார் விழும். பறிக்கப் பறிக்கத்தான் அடுத்தது வரும். ஒரு வீட்டுக்குப் பத்துச் செடியாவது இருந்தால்தான் ஒரு பொரியலுக்குத் தேறும். இரண்டு செடி வைத்துவிட்டு வாரத்துக்கு நாலு காய் பறிப்பவர்கள் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. இலை நரம்பெல்லாம் மஞ்சளாகி வலை பின்னியது போலத் தெரிந்தால் அது தேமல் நோய், வெள்ளை ஈ பரப்புவது. அந்தச் செடிக்கு மருந்து இல்லை. அன்றைக்கே பிடுங்குங்கள். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்தில் தொங்கவிட்டால் ஈ ஒட்டிக்கொள்ளும்.

கொத்தவரையும் போடலாம், தண்ணீர் குறைந்தாலும் தாங்கும். அம்மாவுக்குக் கீரை என்றீர்களே, விதைக்கே போகாமல் பசலைக் கொடியும் பொன்னாங்கண்ணியும் வையுங்கள். சந்தையில் வாங்கும் கட்டில் மூன்று கணு உள்ள தண்டாகப் பார்த்து ஒடித்து, ஒரு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றினால் வேர் பிடிக்கும். எறும்புக்கு அங்கே வேலை இல்லை.

புது நாற்று | பங்குனி 5

நானும் வெண்டைதான் போட்டிருக்கிறேன், இலைக்கு அடியில் பச்சையாகக் குட்டிப் பூச்சிக் கூட்டம். வேப்பெண்ணெய் மதியம் தெளித்தேன், இலை கருகிவிட்டது. எண்ணெய் கலப்படமா?

கீரைக்கட்டு | பங்குனி 5

எண்ணெய் மேல் தப்பில்லை தம்பி, நேரம்தான் தப்பு. வெயிலில் எண்ணெய் பட்டால் இலை வெந்துவிடும். ஒரு லிட்டருக்கு 5 மில்லி, சோப்புக் கரைசல் சில சொட்டு, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடி. அது அசுவினி. கொஞ்சமாக இருந்தால் தண்ணீரைப் பீய்ச்சினாலே உதிர்ந்துவிடும்.

மதுரை மாடி | பங்குனி 19

இரண்டு வாரமாக எழுத நேரமில்லை, மன்னிக்கவும். செங்கல் ஏற்றிவிட்டேன். ரவை கலந்து, தீப்பெட்டியில் இருந்த மீட்ட விதையையும் சேர்த்தே தூவினேன். நாலாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் பை முழுக்கச் செந்நிறமாக, நூல் மாதிரி, இரண்டிரண்டு இலையோடு நிற்கிறது! அம்மாவைக் கைபிடித்து மேலே கூட்டிப்போய்க் காட்டினேன். வெண்டை 12 விதையில் 10 வந்துவிட்டது. பசலைத் தண்டு துளிர்த்துவிட்டது. அவரைக்குக் கயிறு கட்டியாயிற்று.

இப்போது கீரை இடமே இல்லாமல் நெருக்கியடித்து நிற்கிறது. இவ்வளவு கஷ்டப்பட்டு வந்ததைக் கலைக்க மனசு வரவில்லை. அப்படியே விடலாமா?

கீரைக்கட்டு | பங்குனி 19

விடாதே, எல்லாம் நோஞ்சானாகப் போகும். தண்ணீர் தெளித்துவிட்டு, இரண்டு விரல் இடைவெளி வரும்படி வேரோடு உருவி எடு. எடுத்ததை எறிந்துவிடாதே. வேரைக் கிள்ளிவிட்டுப் பாசிப்பருப்போடு வேகவை, பூண்டு நாலு பல் தட்டிப் போடு. இளங்கீரை, அம்மாவுக்கு நன்றாகக் குழையும்.

மதுரை மாடி | பங்குனி 20

ஒரு கிண்ணம் தேறியது அக்கா. அம்மா இரண்டாம் முறை சோறு கேட்டார்கள்.