ஏலக்காயும் ஏலமும் ஒரே சொல்லா?

கேள்வி:
நான் மெய்ப்புத் திருத்துபவன். இன்று கைக்கு வந்த பக்கத்தில் "ஏலக்காய் ஏலம் ஒத்திவைப்பு" என்று ஒரு தலைப்பு. பிழை எதுவும் இல்லை, ஆனாலும் கண் அங்கேயே நின்றுவிட்டது. ஏலக்காயைக் கூவி விற்றதால்தான் அந்த விற்பனைக்கே ஏலம் என்று பெயர் வந்ததா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்:
உறவே இல்லை. காயின் பெயர் மிகப் பழையது. பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்றான ஏலாதிக்கு அந்தப் பெயர் வந்ததே ஏலம் முதலான ஆறு மருந்துச் சரக்குகளை வைத்துத்தான். விற்பனை ஏலம் போர்த்துகீசியர் கொண்டுவந்தது. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுப் பக்கம் வந்து இறங்கிய பிறகு நம்மிடம் கலந்த சொல். அவர்கள் மொழியில் 'லெய்லாவ்', கடைசியில் மூக்கொலி வரும். அவர்களும் அதை அரபியிலிருந்துதான் எடுத்தார்கள். அறிவித்தல் என்பது அங்கே பொருள். மார்க்க அறிஞரை ஆலிம் என்கிறோமே, அதற்கும் அதே வேர்தான். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது: ஏலக்காரரின் கூவலும் ஆலிமின் அறிவும் ஒரே வேரில் நிற்கின்றன.

இன்னொருவர்:
எங்கள் வீட்டில் மலையாளம். அங்கே இந்தக் குழப்பம் வராது. காய் ஏலம், விற்பனை லேலம்.

கேட்டவர்:
அப்படியானால் நம்முடைய 'ல' எங்கே போனது?

பதில்:
தமிழில் லகரம் சொல்லுக்கு முதலில் வராது என்பது தொல்காப்பியக் காலத்து விதி. லோகம் உலகம் ஆனது. அங்கே முன்னால் ஓர் உயிர் சேர்ந்தது, இங்கே மெய்யே உதிர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். மற்றவர்களும் ஆளுக்கொரு விதமாக மாற்றிக்கொண்டார்கள்: தெலுங்கில் வேலம், இந்தியில் நீலாம், மராத்தியில் லிலாவ். கப்பலேறி மலாயில் லேலோங், இந்தோனேசியாவில் லேலாங். சிங்களத்தில் மட்டும் வெந்தேசிய என்பார்கள், அது டச்சுக்காரர்களிடம் வாங்கியது. அப்புறம், ஏலத்துக்கு ஆங்கிலத்தில் சொல்லும் 'ஆக்‌ஷன்' லத்தீனில் 'கூட்டுதல்' என்ற பொருளில் பிறந்தது. அவர்கள் விலை ஏறுவதைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள், போர்த்துகீசியர் கூவுவதைக் கேட்டு வைத்தார்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. இரண்டாவது ஏலத்தை 'விற்பனை' என்று மாற்றலாமா என்று பென்சிலை எடுத்து வைத்திருந்தேன். மாற்றவில்லை, தலைப்பு அப்படியே போகிறது.