இரும்பு அயனியில் 4எஸ் முதலில் காலியாவது ஏன்? யாராவது விளக்குங்களேன்

வணக்கம். மும்பையில் வேதியியல் சொல்லிக் கொடுப்பவர்கள், பவாய் ஐஐடியில் படிக்கும் தம்பி தங்கைகள் யாராவது இருந்தால் உதவுங்கள்.

என் மகள் செம்பூரில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அணுவில் எலக்ட்ரான்கள் இருக்கும் இடங்களான ஆர்பிட்டால்களில் 3டி, 4எஸ் என்று இரண்டு வகை. பொட்டாசியத்திலும் கால்சியத்திலும் 3டி-க்கு முன்பே 4எஸ் நிரம்புகிறது, சரி. இரும்பு அணுவில் 3டி-யில் ஆறு எலக்ட்ரான்கள், 4எஸ்-இல் இரண்டு. ஆனால் இரும்பு இரண்டு எலக்ட்ரான்களை இழந்து 2+ அயனியாகும்போது 4எஸ் காலியாகிறது, 3டி-யில் உள்ள ஆறும் அப்படியே இருக்கின்றன. கடைசியாக வந்ததுதானே முதலில் போக வேண்டும் என்கிறாள். டியூஷனில் அது விதி, மனப்பாடம் செய் என்று முடித்துவிட்டார்கள். அவள் கேட்பதில் நியாயம் இருக்கிறது, அவளை அப்படி விட எனக்கு மனமில்லை.

அவளே கவனித்த இன்னொன்று: குரோமியம் அணுவிலும் இரும்பு 2+ அயனியிலும் எலக்ட்ரான்கள் 24தான். ஆனால் குரோமியத்தில் 3டி-யில் ஐந்து, 4எஸ்-இல் ஒன்று. அயனியில் ஆறுமே 3டி-யில். இரும்பின் அணுக்கருவில் புரோட்டான் இரண்டு கூடுதல், அதனால் 3டி இன்னும் உள்ளே இழுபடுகிறது என்று என்னால் சொல்ல முடிந்தது.

அப்புறம்தான் சிக்கல். ஸ்காண்டியத்திலிருந்தே 3டி-யின் ஆற்றல் 4எஸ்-ஐவிடக் குறைவு என்று படித்தேன். அப்படியானால் ஸ்காண்டியம் அணுவில் வெளியே உள்ள மூன்று எலக்ட்ரான்களும் 3டி-க்கே போகாமல், இரண்டு ஏன் 4எஸ்-இல் தங்குகின்றன? குறுகிய 3டி-க்குள் அவை ஒன்றையொன்று அதிகமாக விலக்குவதுதான் காரணமா?

இங்கேயே தமிழில் எழுதினாலும் போதும். செம்பூர், மாட்டுங்கா, சயான் பக்கம் இருப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரம் ஒதுக்க முடிந்தால், அவளைக் கூட்டிக்கொண்டு நானே வருகிறேன்.